பொரிகல்

ஃபோர்மேன் வீட்டு மூட்டைக்கு மட்டும் அவள் தனியாகக் கல் பொறுக்குவாள்.

மற்றபடி அவள் வேலை கல்லைப் பொறுக்கி வெளியே எறிவதுதான். சுரங்கத்திலிருந்து மேலே வருகிற கரி, தகரக் கொட்டகைக்குள் ஓடும் பெல்ட்டில் வந்து கொட்டும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். கரியோடு கலந்து வருகிற கல்லை எடுத்துப் பின்னால் இருக்கிற சரிவில் தள்ளிவிட வேண்டும். கண்ணால் பார்த்து எடுக்கிற வேலை இல்லை அது. கண் பார்த்து முடிப்பதற்குள் கல் கடந்து போயிருக்கும். கைதான் பார்க்கும். கரி என்றால் லேசு, உடைந்த இடத்தில் பளபளப்பு. கல் என்றால் கனம், சாம்பல் பூத்த மங்கல். வந்த புதிதில் அவளுக்கு நகமெல்லாம் பிய்ந்து, கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் அழுதிருக்கிறாள். இப்போது விரல் நுனிகள் காய்த்துப்போய், ஊசி குத்தினாலும் யாரையோ குத்துகிற மாதிரி இருந்தது.

பெல்ட்டின் கடைசியில் குடியிருப்புக் கரி மூட்டை கட்டுவார்கள். வேலைக்காரர்களின் வீட்டு அடுப்புக்குக் கம்பெனி தருகிற கரி. சாக்கில் வீட்டு எண்ணைச் சுண்ணாம்பால் எழுதி வரிசையாக நிறுத்தியிருக்கும். ஃபோர்மேன் வீட்டு எண் வந்ததும் அவள் இடம் மாறி நின்றுகொள்வாள். முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற கல்லை எடுத்து, நடுச்சாக்கில், மேலே தெரியாதபடி புதைப்பாள்.

எல்லாக் கல்லும் அதற்கு ஆகாது. பொரிகல் என்று ஒன்று உண்டு. பெல்ட்டுக்காரிகள் வைத்த பெயர். ஏடு ஏடாக, புத்தகத்தை ஈரத்தில் போட்டு எடுத்த மாதிரி இருக்கும். அந்த ஏடுகளுக்கு நடுவே ஈரம் ஒளிந்திருக்கும். அடுப்பில் போட்டால் கொஞ்ச நேரம் சாதுவாகக் கிடக்கும். சூடு ஏறி, உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாதபோது படாரென்று வெடித்துத் தெறிக்கும். வீட்டுக் கரியில் தவறிப்போய் ஒன்று கலந்துவிட்டால்கூட மறுநாள் அந்த வீட்டுக்காரி கொட்டகை வாசலுக்கே வந்து சாபம் விடுவாள். ஃபோர்மேன் வீட்டிலிருந்து மட்டும் இதுவரை யாரும் வரவில்லை. அது அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, ருசியாகவும் இருந்தது. வாங்கிக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த வாரம் இன்னும் பெரியதாகப் பார்த்துப் போட்டாள்.

அவள் புருஷனை எல்லோரும் முட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கரியை வெட்டியெடுத்த குடைவில் கூரை இறங்காமல் இருக்க மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்ல கூரை, தொம்மென்றால் கெட்ட கூரை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைச் சுண்டிப் பார்ப்பார். "இது நிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். அவள் சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் தட்டைச் சுண்டாமலே சாப்பிட்டார்.

"என்ன, கூரை சரியில்லையா?" என்று அவள்தான் வேடிக்கையாகக் கேட்டாள்.

"மரம் ஏத்திக்கிட்டு வர்ற லாரி வரலையாம். பழைய குடைவுல நிக்கிற கட்டையைப் புடுங்கிப் புதுசுல வைன்னு ஃபோர்மேன் சொல்றாரு. இன்னும் அதுக்குள்ள ஆள் போய் வந்துக்கிட்டிருக்கு. கூரை மடமடன்னு பேசுதுங்கன்னு சொன்னேன். பேசினா நீ பதில் சொல்லுங்கறாரு. பயந்தாங்கொள்ளின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. நாளைக்குப் புடுங்கணும்."

மறுநாள் கூரை இறங்கிவிட்டது. உள்ளே இருந்தது அவர் ஒருவர்தான். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கடைசிக் கட்டையை அவரே பிடுங்கியிருக்கிறார். விசாரணை நடந்தது. முட்டுக்காரர் கட்டையைச் சரியாக நிறுத்தவில்லை, அவருடைய கவனக்குறைவு என்று ஃபோர்மேன் சொன்னார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே என்கிட்ட சொன்னாருங்க என்று அவள் கத்தியதை, துக்கத்தில் பேசுகிறாள் என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சுரங்கத்து விளக்கறையில் ஒரு முறை உண்டு. தலையில் மாட்டுகிற விளக்குகளை ஷிப்டு முடிந்ததும் அங்கே கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வேலையில் செத்தவன் விளக்கை எல்லாவற்றுக்கும் மேலே தனி வரிசையில் மாட்டிவிடுவார்கள். அதை அப்புறம் யாரும் தொடுவதில்லை. தன் தப்பால் செத்தவன் என்று முடிவானால் மட்டும் விளக்கு கீழ் வரிசைக்கு வந்து, அடுத்து வேலைக்கு வருகிறவன் தலைக்குப் போய்விடும். முட்டுக்காரர் விளக்கு கீழே வந்தது. அது போனது யார் தலைக்கு என்றால், அவர் சொந்தத் தம்பி தலைக்கு. மேலே தள்ளுவண்டி தள்ளிக்கொண்டிருந்தவனைச் சுரங்கத்துக்குள் இறக்கியபோது ஃபோர்மேனே அதை எடுத்துக் கொடுத்தாராம். "அண்ணன் விளக்கு தம்பிக்கு. நீயாவது ஒழுங்கா வேலையப் பாரு" என்றாராம்.

அன்றைக்குத்தான் அவள் முதல் பொரிகல்லை முந்தானையில் முடிந்தாள். செத்தவரைத் திருப்பித் தரச் சொல்லி அவள் யாரையும் கேட்கவில்லை. முட்டு வைக்கத் தெரியாதவன் என்ற பெயர் அவர்மேல் இருக்கக் கூடாது, அந்த விளக்கு மேலே ஏற வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய வாய் ஒன்றே ஒன்றுதான். அந்த வாய் திறக்கிற வரைக்கும் அந்த வீட்டு அடுப்பு நிம்மதியாக எரியக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

குளிர்காலம் வந்தது. கொட்டகைத் தகர இடுக்கு வழியாகக் காற்று கத்தி மாதிரி இறங்கியது. அவளுக்கு எதிரே நிற்பவளை ரேடியோ என்பார்கள். அணைக்கிற பித்தான் இல்லாத ரேடியோ. பாதுகாப்பு வாரத்துக்குத் தலைமை ஆபீஸிலிருந்து வந்து பேசிய அதிகாரியின் பேச்சை அவள் பெல்ட் சத்தத்துக்கு மேலே ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள்.

"இது கரியே இல்லையாம்டி. காடாம். மனுஷன் பொறக்குறதுக்கு முந்தி, காக்கா குருவி பொறக்குறதுக்கெல்லாம் முந்தி, இங்க பூரா சேறும் சகதியுமா இருந்துச்சாம். ரெண்டு மாடி உசரத்துக்குப் பெரணிச் செடியாம். அது விழுந்து, சேத்துல அமுங்கி, காத்துப் படாம மக்காமக் கெடந்துச்சாம். மேல மண்ணு, அதுக்கு மேல கல்லு, நடுவுல கடல்கூட வந்து உக்காந்துட்டுப் போச்சாம். அமுக்கி அமுக்கி, சூட்டுல வெந்து வெந்து இப்படிக் கறுத்துப் போச்சாம்."

"மரம்னா ஏன்க்கா கல்லாட்டம் இருக்கு?" என்றாள் ஒருத்தி.

"உன்னைக் கோடி வருஷம் ஒருத்தன் அமுக்கினா நீ எப்படி இருப்பே? என் மாமியா பத்து வருஷம் அமுக்கினதுக்கே நான் இப்படி ஆயிட்டேன்."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. ரேடியோ ஒரு கல்லைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தாள். "கரண்டுக்கு இதுதானாம், இரும்பு உருக்க இதுதானாம், சிமெண்டுக்கு இதுதானாம். ரோட்டுத் தாரு, துணிக்குப் போடுற சாயம்கூட இதுலேருந்து எடுத்தாங்களாம். அட, பொட்டியில துணிக்கு நடுவுல போடுறமே அந்துருண்டை, அதுவும் இதுதானாம்டி!"

"அதான் எவ்வளவு தொவைச்சாலும் என் சேலையில கரி வாடை போகல."

"நீ தொவைச்சாத்தானே."

முட்டுக்காரர் பெண்சாதி கையிலிருந்த பொரிகல்லின் ஏட்டை நகத்தால் நெம்பினாள். உள்ளே ஒரு இலை. நரம்பு நரம்பாக, இப்போது பறித்து வைத்த மாதிரி இருந்தது. இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறாள். யாரோ விளையாட்டாகக் கீறினது என்று நினைத்திருந்தாள்.

"ஏன்க்கா, எரியும்போது வருதே சூடு, அது எங்கேருந்து வருதாம்?"

"அதையும் சொன்னாரே அந்த ஆளு. அது வெயிலாம்டி. அந்தக் காலத்துல அந்த மரத்து மேல அடிச்ச வெயிலு. மரம் குடிச்சு வச்சுக்கிச்சாம். அது அப்படியே உள்ள இருந்து, நாம கொளுத்தும்போது வெளிய வருதாம்."

"அப்போ மறக்கல."

"எது?"

"மரம்."

"மரத்துக்கு என்னடி மறதியும் நெனப்பும்! குளிருல உனக்கு மூளை வெறைச்சுப் போச்சு."

அவளுக்கு அந்தச் சங்கதி ரொம்பப் பிடித்துப்போனது. போட்டு மிதித்து, மலையையும் கடலையும் மேலே ஏற்றி வைத்தாலும் கொடுத்ததை அப்படியே வைத்திருந்து ஒருநாள் திருப்பிக் கொடுக்கிறதே, அதுவல்லவா பொறுமை! மரத்துக்கே அவ்வளவு இருந்தால் தனக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டு, இலை இருந்த அந்தக் கல்லையும் முந்தானையில் முடிந்தாள்.

"இன்னொரு சேதி" என்றாள் ரேடியோ. "உன் ஆளு, அதான் ஃபோர்மேன், இந்த மாசத்தோட ரிட்டையர் ஆவுறாரு. மகன் வீட்டோட போறாங்களாம், ரெண்டு பேரும். சாமான்கூடக் கட்டியாச்சு."

அவள் கையிலிருந்து ஒரு பெரிய கல் தப்பிப் போனது. போகட்டும் என்று நின்றாள். அவர் போய்விட்டால் அந்த வாய் அவரோடு போய்விடும். அப்புறம் எந்த அடுப்பில் எதைப் போட்டு என்ன பிரயோஜனம்?

சாயங்காலம் வீட்டில் கொழுந்தன் உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். காது மடலிலும் கண் இமையிலும் கரி அப்பியிருந்தது. அண்ணனைப் போலவே தோள். பேச்சு மட்டும் அண்ணனில் பாதிதான்.

"கேள்விப்பட்டியா? போறாராம்."

"போகட்டும் அண்ணி."

"போகட்டுமா?"

"நமக்கும் நல்லதுதானே. தினம் அந்த மூஞ்சியில முழிக்க வேணாம்."

"உன் அண்ணனுக்கு என்ன நல்லது?"

அவன் கிழங்கில் உப்பைத் தொட்டான், சாப்பிடாமல் வைத்தான். "அண்ணி, நான் தினமும் அதைத் தலையில மாட்டிக்கிட்டுத்தான் உள்ள போறேன். முட்டு வைக்கத் தெரியாதவன் விளக்குடான்னு கூட இருக்கறவங்களே சிரிக்கறாங்க. நானும் சேந்து சிரிக்கிறேன். சிரிக்கலைன்னா வேலை பாக்க முடியாது. எனக்கு மட்டும் ரத்தம் இல்லையா?"

"இருந்தா என்ன செஞ்சே?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

பொரிகல் விஷயம் அவனுக்குக்கூடத் தெரியாது. அவன் கேட்டபோதுதான், தான் செய்தது எவ்வளவு சின்னக் காரியம் என்று அவளுக்கே உறைத்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அம்மி ரிட்டையராகி மகன் வீட்டுக்குப் போகிறது.

விடுமுறை நாளன்று மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் முக்காடு, இடுப்பில் அலுமினியப் பேசின். ஃபோர்மேன் பெண்சாதி. அவளை இதுவரை தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். உள்ளே வரச் சொல்லாமலே அந்த அம்மாள் உள்ளே வந்து, பேசினைத் தரையில் வைத்தாள். பேசின் நிறையப் பொரிகல். சிலது முழுசு, சிலது வெடித்துச் சிதறிய சில்லு.

"இது உன் கைதானே?" என்றாள்.

மறுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறுக்கப் பிடிக்கவில்லை. "என் கைதான்."

"எனக்குத் தெரியும். வேற யாருக்கு எங்க வீட்டு மேல இவ்வளவு அக்கறை?" அந்த அம்மாள் முக்காட்டை விலக்கினாள். இடப்பக்கப் புருவம் பாதி இல்லை. கன்னத்தில் மூன்று நான்கு இடத்தில் தழும்பு. கண்ணுக்கு நூலிழை கீழே ஒன்று, இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது. "நல்லாப் பாரு. யாருக்குன்னு போட்டே, யாருக்கு வந்திருக்குன்னு பாரு."

அவள் பார்த்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடுப்படியில் நிற்பது யார் என்று இத்தனை நாள் ஒருதரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. அவள் மனசுக்குள் அந்த அடுப்புக்கு முன்னால் எப்போதும் ஃபோர்மேன்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"அவருக்கு எங்க கேக்குது! வெடி வச்சு வெடி வச்சு ரெண்டு காதும் போயாச்சு. பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறாரு, இங்க என் மூஞ்சியில தெறிக்குது, 'சக்கரை பத்தல'ங்கறாரு."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. இரண்டு பேரும் அடக்கிக்கொண்டார்கள்.

"ஏன்க்கா ஆபீசுல சொல்லல?"

"சொன்னா உன் வேலை போயிடும். அது வேற எனக்கு எதுக்கு?" அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நானும் அந்த வீட்டுலதான் இருக்கேன். தூக்கத்துல அவரு பேசுறது எனக்குத்தான் கேக்கும். 'புடுங்கு, புடுங்கு'ம்பாரு. அப்புறம் அழுவாரு. காலையில ஒண்ணும் நடக்காத மாதிரி சட்டையை மாட்டிக்கிட்டுப் போவாரு. எய்தவன் யாருன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே அவருக்குச் சோறு போட்டதுக்குத்தான் இதுன்னு நெனச்சு வாங்கிக்கிட்டேன். ஆனா கண்ணு போயிடும் போல இருக்கு. நிறுத்திடு."

"நீங்க வந்து சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, தூக்கத்துல இப்படிச் சொன்னாருன்னு."

"பொண்டாட்டி சொன்னா யாரு எடுப்பா? நீ சொன்னதை எடுத்தாங்களா? அவர் வாயாலதான் வரணும்." பேசினை ஓரமாக நகர்த்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கடைசி ஷிப்டு அன்னிக்குப் பாக்கி கேப்பாங்க, தெரியுமில்ல?"

தெரியும். சுரங்கத்தில் வேலை முடித்துப் போகிறவன் கடைசியாக விளக்கைக் கொடுக்கும் முன்னால் விளக்கறை ஜன்னலில் நின்று, என்மேல் யாருக்காவது பாக்கி உண்டா என்று மூன்று தரம் கேட்க வேண்டும். சுத்தியல் இரவல் வாங்கித் திருப்பாதவன் அன்றைக்குத் திருப்புவான். என்றைக்கோ அறைந்தவன் கன்னத்தைக் காட்டி அறை வாங்கிக்கொள்வான். பெரும்பாலும் சிரிப்பும் கூத்துமாகத்தான் இருக்கும். பாக்கி கேட்டவன் "தீர்ந்தது" என்று சொல்வான். பாக்கி கேட்ட எல்லோரும் தீர்ந்தது என்று சொன்ன பிறகுதான் விளக்கறைக்காரர் கை நீட்டி விளக்கை வாங்குவார். கம்பெனிக்கு இதில் சம்பந்தம் இல்லை. ஆனால் பாக்கி வைத்துவிட்டுப் போனவனை உள்ளே இருக்கிற இருட்டு விடாது என்று பூமிக்கு அடியில் வேலை பார்க்கிற எல்லோரும் நம்பினார்கள்.

"அது ஆம்பளைங்க கேக்குறது."

"வேலைக்காரங்க கேக்குறது. நீ வேலைக்காரி இல்லையா? உன் பேரு சம்பள ரோல்ல இல்லையா? வா. கேளு. அங்க வச்சுக் கேட்டா அவரால பொய் சொல்ல முடியாது. சொன்னா செத்தாலும் தூக்கம் வராதுன்னு அவருக்கே பயம். அவரு சொல்லுவாரு, நீ தீர்ந்ததுன்னு சொல்லு, நாங்க எங்க வழியில போயிடுறோம். எனக்கும் ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கணும்மா."

அவள் பேசினிலிருந்த கல்லில் கையைத் துழாவினாள். "கல்லை நிறுத்திடுறேன்க்கா. உங்க மூஞ்சிக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல."

"அதை விடு. வருவியா?"

"வரேன்."

"தீர்ந்ததுன்னு சொல்லுவியா?"

"வரேன்க்கா" என்றாள் அவள் மறுபடியும்.

கடைசி நாள் வந்தது. ஷிப்டு மாறுகிற நேரம் விளக்கறை வாசலில் நிற்க இடமில்லை. ஏறி வந்தவர்கள் கறுப்பு, இறங்கப் போகிறவர்கள் வெளுப்பு. ஃபோர்மேன் புதுச்சட்டை போட்டிருந்தார். கழுத்தில் மாலை, கையில் விளக்கு. பெண்சாதி முக்காட்டோடு பக்கத்தில் நின்றாள். கடைசி நாளன்று வீட்டார் வந்து அழைத்துப் போவது வழக்கம்.

"என்மேல யாருக்காவது பாக்கி உண்டா?" காது கேட்காதவர் குரல், எட்டு ஊருக்குக் கேட்டது.

ஒருவன் முன்னே வந்தான். "கட்டை அடிக்கிற என் கொட்டாப்புளியை வாங்கிட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு!" கொட்டாப்புளி வந்தது. "தீர்ந்தது!" கைதட்டல். இன்னொருவன், "என்னை எருமைன்னு திட்டினீங்க" என்று காதருகே கத்தினான். "இப்பவும் அதைத்தான் சொல்றேன்" என்றார் ஃபோர்மேன். அவனே சிரித்துவிட்டு "தீர்ந்தது" என்றான்.

"ரெண்டாவது தரம் கேக்குறேன். பாக்கி உண்டா?"

யாரும் வரவில்லை.

"மூணாவது தரம். உண்டா?"

"எனக்கு இருக்கு."

கூட்டம் வழிவிட்டது. வழிவிட்டதா, ஒதுங்கியதா என்று தெரியவில்லை. பெல்ட்டில் கட்டுகிற தலைத்துணியோடு அவள் வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது கிளம்பி வந்தது.

"பழைய குடைவுல முட்டுக்கட்டையைப் புடுங்கச் சொன்னது யாரு?"

ஃபோர்மேன் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "என்னம்மா? கேக்கல."

நிஜமாகவே கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி நின்றாரோ, அது அவருக்கே வெளிச்சம். அவருடைய பெண்சாதி முக்காட்டை முழுசாக விலக்கினாள். பாதிப் புருவத்தோடு அந்த முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். புருஷன் காதருகே வாயை வைத்து, விளக்கறைக் கண்ணாடி அதிருகிற மாதிரி கத்தினாள்: "பழைய குடைவுல முட்டுக்கட்டையைப் புடுங்கச் சொன்னது யாருன்னு கேக்குறா!"

ஃபோர்மேன் முகம் வெளுத்தது. "அதெல்லாம் விசாரணையில எழுதியாச்சு."

விளக்கறைக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "விசாரணை ஆபீசுக்குங்க. இது விளக்கறை" என்றார்.

பெண்சாதி அதையும் காதில் கத்தினாள்.

ஃபோர்மேன் சுற்றிலும் பார்த்தார். ஒருத்தர் கண்ணும் தாழவில்லை. விசாரணையன்று செருப்பைப் பார்த்த அதே கண்கள். விளக்கைப் பிடித்த கை இறங்கியது.

"நான்தான்" என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் மறுபடியும் பலமாகச் சொன்னார். "நான்தான் சொன்னேன். லாரி வரல. டன் கணக்கு கொறையுதுன்னு மேல இருந்து கத்துறாங்க. அவன் வேணாம்னான். கூரை பேசுதுன்னான். பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். அவன் நிறுத்தின கட்டை ஒண்ணுகூடச் சாயல. போதுமா?"

கறுப்புக் கூட்டத்திலிருந்து அவள் கொழுந்தன் வெளியே வந்தான். தலையிலிருந்த விளக்கைக் கழற்றினான். விரல் வழுக்கி இரண்டு தரம் முயன்ற பிறகுதான் கொக்கி விட்டது. ஜன்னல் வழியே கொடுத்தான். விளக்கறைக்காரர் அதைத் தன் சட்டையால் துடைத்தார். முக்காலி போட்டு ஏறி மேல்வரிசையில் மாட்டினார். இறங்கி வந்து கையை மறுபடியும் பின்னால் கட்டிக்கொண்டார்.

கொழுந்தன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது நடந்தால் நெஞ்சுக்குள் இருக்கிற பாரம் இறங்கிவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறதை, இத்தனை மாதம் சொல்லாமல் தூங்கி, டீக்குச் சர்க்கரை கேட்டு, தம்பி தலையிலேயே அந்த விளக்கை மாட்டிச் சிரித்திருக்கிறாரே என்பதுதான் இப்போது புதிதாகப் பற்றி எரிந்தது.

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான் பாக்கி.

"சொல்லும்மா" என்றாள் ஃபோர்மேன் பெண்சாதி மெல்ல. "வண்டி நிக்குது. சொல்லிடும்மா."

அவள் அந்த அம்மாளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "அக்கா, உங்க பாக்கி என்மேல இருக்கு. அதை நான் எப்படித் தீர்க்கப் போறேன்னு எனக்குத் தெரியாது. நீங்க போய்ப் படுங்க. நல்லாத் தூங்குங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது."

பிறகு கையை விட்டுவிட்டு ஃபோர்மேனிடம் திரும்பினாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்று, காதருகே போய், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"தீரல."

"சொல்லிட்டேனே! எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே! இன்னும் என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். தீரல. அவ்வளவுதான்."

பெல்ட் ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது. அவள் தலைத்துணியை இறுக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள். பின்னால் கூட்டம் வரிசையாகி, ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்து விளக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவரவர் விளக்கை விளக்கறைக்காரர் கை நீட்டி வாங்கி ஆணியில் மாட்டினார். மாலை போட்ட மனிதரைச் சுற்றிக்கொண்டு வரிசை நகர்ந்தது. அவர் இரண்டு தரம் விளக்கை நீட்டினார். இரண்டு தரமும் விளக்கறைக்காரரின் கை பின்னால் போனது. மூன்றாம் தரம் நீட்டாமல், விளக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.